பெட்டியில் வருவதில்லை படைப்பாற்றல்

பள்ளி அறிவியல் கண்காட்சிகளுக்கு நடுவராகப் போவது எனக்குப் பல வருடப் பழக்கம். எந்த ஊருக்குப் போனாலும், எந்த வாரியத்துப் பள்ளியாக இருந்தாலும் மேசைமேல் இருப்பவை மாறுவதில்லை. கையை நீட்டினால் மூடி திறக்கும் ஸ்மார்ட் குப்பைத்தொட்டி, கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும் ரோபோ, மண் காய்ந்தால் தானாக நீர் விடும் செடித்தொட்டி, பார்வையற்றோருக்கான ஸ்மார்ட் கைத்தடி. அண்மையில் போன ஒரு கண்காட்சியில் ஒரே கூடத்தில் நான்கு கைத்தடிகள் இருந்தன. நான்கும் ஒரே அச்சு.

நான்காவது கைத்தடிக்குப் பின்னால் நின்றவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. ஒரு பிவிசி குழாய், அதன் நடுவில் அல்ட்ராசானிக் சென்சார், ஓர் ஆர்டுயினோ பலகை, பேட்டரி, ஒரு பஸ்ஸர். முன்னால் தடை வந்தால் பஸ்ஸர் அடிக்கும் என்று கணீரென்று ஒப்பித்தாள். “ஏம்மா பஸ்ஸர் வச்சீங்க?” என்று கேட்டேன். “கிட்ல அதுதான் சார் இருந்துச்சு.” பார்வையில்லாத யார் கையிலாவது இதைக் கொடுத்துப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, அவள் தன் ஆசிரியரைத் திரும்பிப் பார்த்தாள். கிட் வந்தே ஒரு வாரம்தான் ஆகிறது என்றார் அவர். “சரி, முன்னாடி ஒரு குழி இருந்தா?” அவள் குழாயைப் பார்த்தாள். சென்சார் நேரே பார்த்துக்கொண்டிருந்தது. குழாயை மெல்லக் கீழே சாய்த்தாள். தரையே தடையாகிப் பஸ்ஸர் விடாமல் அடித்தது. நிமிர்த்தினாள், நின்றது. மறுபடி சாய்த்தாள். நெற்றி சுருங்கியது. அதற்குள் அடுத்த நடுவர் வந்துவிட்டார். குழாயை நேராகப் பிடித்துக்கொண்டு முதல் வரியிலிருந்து ஒப்பிக்கத் தொடங்கினாள்.

அந்தக் கைத்தடியைச் செய்த ஒரு வாரத்தில் அந்தப் பிள்ளை உண்மையாகச் சிந்தித்தது அந்த அரை நிமிடம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு மதிப்பெண் போட என் தாளில் இடமே இல்லை.

இன்று பெற்றோர், பள்ளித் தாளாளர், அமைச்சர், விளம்பரக்காரர் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லும் கருத்து ஒன்று உண்டு. பிள்ளைகளுக்குப் படைப்பாற்றலும், எதையும் கேள்வி கேட்டு ஆராயும் புத்தியும் வேண்டுமா? தொழில்நுட்பத்தைக் கையில் கொடுங்கள். ரோபோட்டிக்ஸ் லேப் வையுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து கோடிங் சொல்லிக் கொடுங்கள். கருவி வந்தால் சிந்தனை தானே வரும். 2020 தேசியக் கல்விக் கொள்கை நடுநிலை வகுப்புகளிலேயே கோடிங் வேண்டும் என்கிறது. ரோபோட்டிக்ஸ் கருவிகளோடு பள்ளியில் அமைக்கும் அடல் டிங்கரிங் ஆய்வகம் ஒன்றுக்கு மத்திய அரசு 20 லட்சம் ரூபாய் வரை தருகிறது. நாட்டில் ஏறத்தாழ 10,000 பள்ளிகளில் அவை வந்துவிட்டன. அடுத்த ஐந்தாண்டுகளில் அரசுப் பள்ளிகளில் இன்னும் 50,000 ஆய்வகங்கள் என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். தனியார் பள்ளிகளின் கட்டண ரசீதில் ‘ரோபோட்டிக்ஸ்’ என்று தனி வரி வந்து பல வருடங்கள் ஆகின்றன.

இந்தக் கருத்து தவறு என்பதே என் வாதம். கருவிகள் வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. கருவியிலிருந்து சிந்தனை பிறக்கும் என்ற நம்பிக்கையைத்தான் மறுக்கிறேன். சிந்தனை பிறப்பது சிக்கலிலிருந்து. விடை முன்கூட்டியே தெரியாத, ஒரு மனிதருக்கு உண்மையிலேயே தேவைப்படுகிற, பொருள் ஒத்துழைக்க மறுக்கிற சிக்கலிலிருந்து.

ஒரு கிட் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே எண் போட்ட பாகங்கள், படம் போட்ட வழிகாட்டிப் புத்தகம், ஒரு கியூஆர் கோடு. ஒன்றாம் எண்ணை இரண்டாம் எண்ணில் சொருகு. சிவப்பு ஒயரை இங்கே, கறுப்பை அங்கே. நிரலைத் தரவிறக்கி ஏற்று. ஓடுகிறது, கைதட்டு. அந்தப் பிள்ளை இதில் எத்தனை முடிவுகளை எடுத்தது என்று எண்ணிப் பாருங்கள். எந்தப் பிரச்சினை, யாருக்கு, எந்தப் பொருளால், எந்த அளவில், எந்த வடிவில் என்ற எல்லா முடிவுகளையும் பெட்டியை வடிவமைத்த பொறியாளர் எப்போதோ எடுத்துவிட்டார். பிள்ளைக்கு மிச்சம் விட்டது கீழ்ப்படிவதை மட்டும். பத்தாம் வகுப்பு கைடைப் பார்த்து விடையெழுதுவதை மனப்பாடம் என்கிறோம். படத்தைப் பார்த்து ஒயர் சொருகுவதற்கும் அந்தப் பெயர்தான் பொருந்தும். வாய் செய்ததைக் கை செய்கிறது, அவ்வளவே.

கிட் வாங்க வசதியில்லாத பள்ளிகளிலும் நிலைமை வேறு அல்ல. கண்காட்சி அறிவித்த மறுநாள் பள்ளிக்கூடத்தின் எதிரே இருக்கும் ஸ்டேஷனரி கடையில் தெர்மாகோல் எரிமலையும், மழைநீர் சேகரிப்பு மாடலும் வரிசையில் நிற்கும். ‘வொர்க்கிங் மாடல்’ என்றால் விலை கூடுதல். அப்பா வாங்கி வருவார், அம்மா சார்ட்டில் தலைப்பு எழுதுவார், பிள்ளை தூக்கிக்கொண்டு போகும். தெர்மாகோல் எரிமலைக்கும் ஆர்டுயினோ கைத்தடிக்கும் விலையில் வித்தியாசம் உண்டு. பிள்ளையின் மூளைக்கு இரண்டும் ஒன்றுதான்.

இப்போது அந்தக் கைத்தடிக்கே திரும்புவோம். அதே பொருளை உண்மையாக வடிவமைத்தவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். டெல்லி ஐஐடியில் பேராசிரியர் எம். பாலகிருஷ்ணனின் வழிகாட்டுதலில் மாணவர்களின் திட்டப்பணியாகத் தொடங்கிய முயற்சி அது. பார்வையற்றோருக்காக டெல்லியில் இயங்கும் சக்ஷம் அமைப்பு அதில் சேர்ந்தது. சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் தயாரித்தது. 2014இல் ‘ஸ்மார்ட்கேன்’ என்ற பெயரில் வெளிவந்தது. அதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அவர்கள் சென்சாரில் தொடங்கவில்லை. கைத்தடி பிடித்து நடப்பவர்களிடம் தொடங்கினார்கள். சாதாரண வெள்ளைக் கைத்தடி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லத் தவறுகிறது? குழி, படி, சாக்கடை விளிம்பு, தரையின் சொரசொரப்பு எல்லாவற்றையும் அது அருமையாகச் சொல்லிவிடுகிறது. தவறவிடுவது முழங்காலுக்கு மேலே இருப்பதை: தாழ்ந்த மரக்கிளை, திறந்து கிடக்கும் ஜன்னல் கதவு, நிறுத்தியிருக்கும் லாரியின் நீட்டிக்கொண்டிருக்கும் பின்பகுதி. கைத்தடி அடியில் காற்றைத் துழாவும், முகம் போய் மேலே மோதும். ஆகவே கைத்தடிக்கு மாற்றாக எதையும் செய்ய வேண்டியதில்லை, அதன் பிடியில் பொருத்தி மேற்பகுதியை மட்டும் கண்காணிக்கும் கருவி போதும் என்று முடிவெடுத்தார்கள். அது ஒலி எழுப்பாது, அதிரும். ஏனென்றால் பார்வையற்றவருக்குத் தெருவைச் சொல்வது காது. வண்டி எந்தப் பக்கம் வருகிறது, எதிரே ஆள் நிற்கிறாரா என்று கேட்டுக்கொண்டிருக்கும் காதருகே பஸ்ஸர் அடிப்பது, பார்க்கிறவன் கண்ணை அடிக்கடி மூடுவதற்குச் சமம்.

இதில் படைப்பாற்றல் எங்கே இருக்கிறது? அதிர்வு என்ற முடிவில் இருக்கிறது. முழங்காலுக்கு மேலே என்ற முடிவில் இருக்கிறது. ஆராய்ந்து பார்க்கும் சிந்தனை எங்கே? “கைத்தடி போதாது” என்ற எளிய கருத்தை அப்படியே ஏற்காமல், எங்கே போதும், எங்கே போதாது என்று பிரித்ததில் இருக்கிறது. சென்சார் ஸ்மார்ட்கேனுக்கும் பள்ளிக் கைத்தடிக்கும் ஒன்றுதான். கண்காட்சிக் கூடத்தில் பார்த்த நான்கு கைத்தடிகளிலும் இருந்தது அதே அல்ட்ராசானிக் தத்துவம். ஒரே கருவியால் ஓரிடத்தில் உபயோகமான பொருள் பிறந்தது, இன்னோரிடத்தில் ஒப்பித்தல் பிறந்தது. கருவியே சிந்தனையைத் தரும் என்பவர்கள் இந்த வித்தியாசத்துக்கு என்ன விளக்கம் சொல்வார்கள்?

“அவர்கள் ஐஐடி மாணவர்கள், பள்ளிப் பிள்ளைகளிடம் இதையெல்லாம் எதிர்பார்க்கலாமா?” என்று கேட்பார்கள். எதிர்பார்க்கலாம். மும்பை மான்குர்தில் இருக்கும் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பற்றிப் பல ஆண்டுகள் ஆய்வு செய்தார்கள். நடுநிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு அவர்கள் கொடுத்த வேலைகள் மூன்று: ஒரு பை செய்வது, பாரத்தைத் தூக்கும் காற்றாலை மாதிரி செய்வது, பொம்மலாட்டம் அமைப்பது. நகரத்து ஆங்கிலவழிப் பள்ளி, நகரத்து மராத்திவழிப் பள்ளி, பழங்குடிக் குழந்தைகள் படிக்கும் கிராமப்புறப் பள்ளி ஆகிய மூன்றிலும் அந்த வேலைகள் நடந்தன. பிள்ளைகள் முதலில் வரைய வேண்டும், அளவு குறிக்க வேண்டும், என்னென்ன பொருள் வேண்டும் என்று பட்டியல் போட வேண்டும், எந்த வேலையை எப்போது யார் செய்வது என்று திட்டமிட வேண்டும். பிறகுதான் செய்வது. செய்த பிறகு தங்களுடையதையும் மற்றவர்களுடையதையும் அவர்களே மதிப்பிட வேண்டும்.

பைதானே என்று நினைக்காதீர்கள். பையை வரையச் சொன்னால் வரைகிற பிள்ளைக்கு உடனே கேள்வி வந்துவிடும். எதைத் தூக்க? எவ்வளவு எடை? யார் தோளில்? பிடி எங்கே அறுந்துபோகும்? தட்டையான தாளில் வரைந்த பை, துணியாக வெட்டும்போது எத்தனை துண்டாகும்? அடிப்பகுதிக்கு அகலம் வேண்டுமென்றால் பக்கத் துணி எவ்வளவு கூட வேண்டும்? பரப்பளவு, எடை, தையல் மடிப்பு, துணியின் இழுவை எல்லாம் ஒரே பையில் வந்து நிற்கின்றன. காற்றாலையில் இன்னும் கூடுதல்: எத்தனை இறக்கை, என்ன சாய்வு, அச்சு உராய்ந்தால் என்ன செய்வது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் வரிசையாகச் சுழலும் காற்றாலைகளைப் பேருந்து ஜன்னல் வழியே பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகள், அந்த இறக்கை ஏன் லேசாக முறுக்கியிருக்கிறது என்று ஒரு முறையாவது கேட்கும்படி நாம் கற்பித்திருக்கிறோமா?

எனக்குத் தெரிந்த ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். மதியம் சத்துணவு சாப்பிட்ட தட்டுகளைக் கழுவும் குழாயடியில் தினமும் தண்ணீர் தேங்கும். சின்னப் பிள்ளைகள் வழுக்கி விழுவார்கள். ஏழாம் வகுப்பு டீச்சர் இதையே பாடமாக எடுத்தார். முதல் நாள் பிள்ளைகள் சொன்ன யோசனை, தானாக நின்றுவிடும் சென்சார் குழாய்; யாரோ வீடியோவில் பார்த்திருந்தார்கள். டீச்சர் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று நாள் குழாயடியில் நின்று பார்த்து நோட்டில் எழுதச் சொன்னார். மூன்றாம் நாள் தெரிந்தது, குழாயில் குற்றமே இல்லை. சோற்றுப் பருக்கையும் கறிவேப்பிலையும் போய் வடிகால் ஓட்டையை அடைக்கின்றன.

கொசுவலைத் துண்டை ஓட்டையில் கட்டினார்கள். பத்து நிமிடத்தில் வலையே அடைத்துக்கொண்டு தண்ணீர் முன்னைவிட அதிகமாக நின்றது. அடுத்து உடைந்த பிளாஸ்டிக் கூடையின் அடிப்பாகத்தை வெட்டி வைத்தார்கள். பருக்கை நழுவிப் போனது. கடைசியில், கழுவும் இடத்துக்குப் போகும் வழியிலேயே மிச்சத்தைத் தட்டிவிட ஒரு வாளி வைப்பது என்று முடிவானது. வைத்த அன்றே தோற்றது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாளியின் விளிம்பு எட்டவில்லை, பாதி சோறு வெளியே விழுந்தது. ஒன்றாம் வகுப்பில் போய் ஐந்து பிள்ளைகளை நிற்கவைத்து, தட்டைப் பிடித்திருக்கும் கையின் உயரத்தை ஸ்கேலால் அளந்துவந்தார்கள். வாளியைத் தரைக்குழிக்குள் பாதி இறக்கினார்கள். வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தபோது ஒரு சிறுமி கேட்டாள்: “இவ்ளோ சோறு ஏன் டீச்சர் மிஞ்சுது?” வாளியைத் தினமும் எடை போட்டார்கள். வாரத்தில் ஒரு குறிப்பிட்ட கிழமையில் மட்டும் மிச்சம் மிக அதிகம். அந்தக் கணக்கை எழுதிக்கொண்டு சத்துணவு அமைப்பாளரிடம் போனார்கள். அவர் முதலில் முகம் சுளித்தார், பிறகு தாளை வாங்கிப் பார்த்தார்.

இதற்கு ஆன செலவு ஒரு வாளி. சாதாரணக் குழாயில் தொடங்கிய பிள்ளைகள் பெரியவர்களின் ஏற்பாட்டையே கேள்வி கேட்கும் இடத்துக்கு, கையில் எண்களோடு, வந்து சேர்ந்தார்கள். ஆராய்ந்து சிந்திப்பது என்று நான் சொல்வது இதைத்தான். சென்சார் குழாய் வாங்கியிருந்தால் முதல் நாளே சிந்தனை முடிந்திருக்கும்.

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதங்களுக்கு வருகிறேன். முதலாவது, எதிர்காலம் மென்பொருளிலும் செயற்கை நுண்ணறிவிலும் இருக்கிறது, துணியும் மூங்கிலும் எதற்கு, சிங்கப்பூரைப் பாருங்கள் என்பது. சரி, பார்ப்போம். சிங்கப்பூரில் தொடக்கப் பள்ளியின் மேல் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் 2020 முதல் கோடிங் உண்டு. மொத்தம் 10 மணி நேரம். அதே நாட்டில் உயர்நிலைப் பள்ளியின் தொடக்க வகுப்புகளில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் கட்டாயப் பாடம். பட்டறையில் நின்று மரத்தையும் உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் வெட்டி, அறுத்து, ஒட்டி, தாங்களே கண்டுபிடித்த ஒரு தேவைக்குத் தாங்களே ஒரு பொருள் செய்கிறார்கள். 15 வயது மாணவர்களின் படைப்புச் சிந்தனையை முதன்முறையாக அளந்த 2022 பிசா பன்னாட்டுத் தேர்வின் முடிவுகள் 2024இல் வந்தபோது சிங்கப்பூர் முதலிடத்தில் இருந்தது. அந்த ஒரு பாடத்தால்தான் முதலிடம் என்று நான் சொன்னால் அது பொய்யாகும். வேறு காரணங்கள் ஆயிரம் இருக்கலாம். ஆனால் சிங்கப்பூரைக் காட்டி கிட் விற்பவர்கள் அந்தப் பட்டறையை மறைப்பதும் நியாயமல்ல.

கோடிங்கின் மேலும் எனக்குப் பகை கிடையாது. குழந்தைகளுக்காக 1967இல் லோகோ மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட், கணினி குழந்தையை இயக்கக் கூடாது, குழந்தை கணினியை இயக்க வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் தொடங்கினார். லோகோவில் கட்டளைப்படி நகரும் ஆமையை ஓட்டி வட்டம் வரையும் குழந்தை தன் உடம்பையே சுழற்றிப் பார்த்துக் கோணத்தைக் கண்டுபிடிக்கும். 2007இல் எம்ஐடியிலிருந்து வந்த ஸ்கிராட்ச் அதே வழியில் வந்தது. கையில் எடுத்துக் குலைத்துப் பார்க்கச் செய்த மொழிகள் அவை. நம் வகுப்பறைக்கு வந்தபோது என்ன ஆயின? ஆசிரியர் திரையில் காட்டிய கட்டங்களை அதே வரிசையில் அடுக்குவது, தேர்வுக்கு ‘ஸ்கிராட்ச் என்றால் என்ன’ என்று இரண்டு மதிப்பெண் விடை எழுதுவது. இந்தப் பழி மொழியின் மேல் விழாது. கருவி இருந்தால் போதும் என்று நம்பிய நம்மேல்தான் விழும்.

இரண்டாவது வாதம் ஆசிரியர்கள் வைப்பது, அதை நான் மதிக்கிறேன். முதலில் எழுத்தும் எண்ணும் வரட்டும், பாடம் தெரியட்டும், ஒன்றும் தெரியாத பிள்ளை எதைப் படைக்கும், எதை ஆராயும் என்கிறார்கள். வெறும் வெற்றிடத்தில் சிந்தனை நடக்காது என்பது உண்மைதான். ஆனால் அறிவு முதலில், உபயோகம் பிறகு என்று நாம் போட்டிருக்கும் வரிசையில் அந்தப் ‘பிறகு’ வருவதே இல்லை. பன்னிரண்டு வருடம் காத்திருந்தும் வருவதில்லை. இதற்கு மாற்றை அரவிந்த் குப்தா காட்டியிருக்கிறார். கான்பூர் ஐஐடியில் படித்தவர். 1978இல் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்துக்காக மத்தியப் பிரதேசக் கிராமங்களுக்குப் போனார். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்து அவர் செய்த விளையாட்டு நாடெங்கும் பரவியது. மூன்று தீக்குச்சிகளை மூன்று டியூப் துண்டுகளால் இணைத்தால் முக்கோணம்; எப்படி அழுத்தினாலும் வடிவம் மாறாது. நான்கை இணைத்தால் சதுரம். லேசாகத் தொட்டாலே சாய்ந்து சாய்சதுரமாகிவிடும். குறுக்கே ஒரு குச்சி போட்டால் மறுபடி நிற்கும். இதைச் செய்த பிள்ளை பள்ளியை விட்டு வெளியே வந்ததும் வயலில் நிற்கும் உயர் மின்கோபுரத்தைப் பார்த்து, “டேய், எல்லாம் முக்கோணம்டா!” என்று கத்தும். பெயரும் வரையறையும் அதற்குப் பிறகு வந்தால் நெஞ்சில் தங்கும். வரையறையை மட்டும் படித்த பிள்ளை அதே கோபுரத்தின் அடியில் தினமும் நடந்து போகும், நிமிர்ந்து பார்க்காது.

மூன்றாவது எதிர்ப்பு தமிழ்நாட்டுக்கே உரியது, மிக ஆழமானதும் அதுதான். பள்ளிக்குள் கைவேலை என்ற பேச்சை எடுத்தாலே குலக்கல்வி என்பார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம், தொடக்கப் பள்ளிப் பிள்ளை பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் இருக்க வேண்டும் என்றது. பெரியாரும் திராவிட இயக்கமும் அதை எதிர்த்து நின்றார்கள். 1954இல் காமராசர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. அது கைவிடப்பட்டிருக்காவிட்டால் இந்தக் கட்டுரையைப் படிக்கும் பலர் இன்று இருக்கும் இடத்தில் இருந்திருக்க மாட்டார்கள். அந்த வெற்றியை ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

ஆனால் அந்தத் திட்டத்தின் குற்றம் என்ன? பிள்ளையைப் பிறந்த வீட்டுத் தொழிலோடு கட்டிப்போட்டது. குயவர் வீட்டுப் பிள்ளைக்குக் களிமண், நாவிதர் வீட்டுப் பிள்ளைக்குக் கத்தி. நான் கேட்பது இதற்கு நேர் எதிரானது. மண்ணும் மரமும் துணியும் மின்கம்பியும் எல்லாப் பிள்ளைகள் கையிலும் வர வேண்டும். மருத்துவர் வீட்டுப் பையன் ஊசியில் நூல் கோர்க்க வேண்டும். கொத்தனார் வீட்டுப் பெண் சர்க்யூட் வரைய வேண்டும். கையால் செய்கிறவன் கீழ், தலையால் சொல்கிறவன் மேல் என்பதுதான் சாதியின் இலக்கணம். கைவேலையைப் பள்ளிக்கு வெளியே நிறுத்திவைத்து அந்த இலக்கணத்தை நாம் அழிக்கவில்லை, பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறோம். பிளஸ் ஒன் சேர்க்கையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மதிப்பெண் குறைந்த பிள்ளையிடம், விருப்பம் கேட்காமலே, “வொக்கேஷனல் குரூப் போ” என்கிறோம். கைவேலையைத் தண்டனையாக்கி, அதைப் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கே கொடுக்கிறோம். ஆறாம் வகுப்பிலிருந்து எல்லோருக்கும் ஒரே பட்டறை என்றால் இந்தப் பிரிவினைக்கு இடமில்லை.

நான்காவதாகச் சொல்வது காசும் நேரமும். காசைப் பற்றிப் பேசலாம். 2012இல் தமிழக அரசுப் பள்ளிகளில் 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஓவியம், தையல், தோட்டக்கலை, கட்டடக்கலை, கணினி, இசை, உடற்கல்வி என்று பல பாடங்களுக்கு; மாதம் 5,000 ரூபாய், வாரத்துக்கு மூன்று அரைநாள். தொகை பிறகு கொஞ்சம் உயர்ந்தது, பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் போராட்டம் நடத்தியது பல ஆண்டுகள் தொடர்ந்த கதை. யோசித்துப் பாருங்கள், துணியும் மண்ணும் மரமும் கோடும் தெரிந்த ஆசிரியர்கள் ஏற்கெனவே நம் பள்ளிக்குள் இருக்கிறார்கள். அவர்களை அரைநாள் ஆளாக, ஆண்டுவிழாவுக்குத் தோரணம் கட்டுகிறவராக வைத்துவிட்டுப் பூட்டிய அறைக்குள் 3டி பிரிண்டர் வாங்கி வைப்பதற்குப் பெயர் நவீனமா? நானே பார்த்த சில ஆய்வகங்களில் அந்தப் பிரிண்டர் மேல் போட்ட பிளாஸ்டிக் உறை, ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் மட்டும்தான் எடுக்கப்படுகிறது. பழுதானால் சரிசெய்ய ஊரில் ஆள் இல்லை, உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம் ஆசிரியருக்கு. உடையக் கூடாத பொருளை வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளையும் எதையும் கண்டுபிடித்ததில்லை.

நேரமும் அப்படித்தான். கால அட்டவணையில் ஓவியத்துக்கும் கைத்தொழிலுக்கும் பீரியட் இல்லாமல் இல்லை. கணக்கு சார் வாங்கிக்கொள்கிறார். தனித்தனியாக நாற்பது நிமிடம் கிடைத்தாலும் பயனில்லை. பொருளை எடுத்துவைத்து, திருப்பி அடுக்குவதற்குள் மணி அடித்துவிடும். வாரத்துக்கு ஒருமுறை, அடுத்தடுத்த இரண்டு பீரியட், யாரும் பறிக்க முடியாதபடி வேண்டும். இதற்கு அரசாணை ஒன்று போதும், கோடி ரூபாய் வேண்டாம்.

என் தரப்பிலும் ஓர் ஆபத்து இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 1990இல் இங்கிலாந்து வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடத்தைத் தேசியப் பாடத்திட்டத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வைத்தது. அதற்கு முன்பே, 1980களின் இறுதியில், லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் ரிச்சர்ட் கிம்பெல் தலைமையிலான குழு 15 வயது மாணவர்கள் சுமார் 10,000 பேரின் வடிவமைப்புத் திறனை அளந்து பார்த்தது. சிந்தனை படிப்படியாக, நேர்க்கோட்டில் நடப்பதில்லை; மனமும் கையும் மாறி மாறி ஒன்றையொன்று திருத்திக்கொள்கின்றன என்று அந்தக் குழு தெளிவாகச் சொன்னது. ஆனால் தேர்வு முறை அதற்குக் காது கொடுக்கவில்லை. பிரச்சினை, ஆய்வு, நான்கு யோசனைகள், தேர்ந்தெடுத்தது, செய்தது, மதிப்பீடு என்று கோப்பின் பக்கங்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். பிள்ளைகளும் விவரமானவர்கள். பொருளை முதலில் செய்து முடித்துவிட்டு, பிறகு உட்கார்ந்து ‘ஆரம்ப யோசனைகள்’ நான்கை வரைந்து கோப்பில் சேர்த்தார்கள். 2004இல் 14 வயதுக்கு மேல் கட்டாயம் என்பது போனது. 2010இல் அரசு முக்கியப் பாடங்களின் பட்டியல் ஒன்றை அறிவித்து, பள்ளிகளை அதைக் கொண்டு அளந்தபோது இந்தப் பாடம் அதில் இல்லை. எடுப்பவர் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது.

நாம் நாளைக்கே இந்தப் பாடத்தைக் கொண்டுவந்தால், மறுநாளே அதற்கு ரெக்கார்டு நோட்டும், கடையில் அந்த நோட்டின் விடைகளும் வந்துவிடும். அதனால்தான் நான் புதிய பாடப்புத்தகமோ புதிய தேர்வோ கேட்கவில்லை. மதிப்பெண் பட்டியலில் இதற்கு எண் வேண்டாம். பிள்ளை தன் கையால் எழுதிய, கிழிசலும் அடித்தலும் உள்ள ஒரு நோட்டு போதும். அதை ஆசிரியர் படிக்க வேண்டும், திருத்தக் கூடாது.

அரசிடம் கேட்பது இரண்டே: அந்தச் சிறப்பாசிரியர்களை முழுநேர ஆசிரியர்களாக்குங்கள், ஆறு முதல் எட்டு வரை அடுத்தடுத்த இரண்டு பீரியடை அவர்களிடம் கொடுங்கள். பெற்றோரிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த கண்காட்சிக்குப் போகும்போது உங்கள் பிள்ளையிடம் “இது எப்படி வேலை செய்யுது?” என்று கேட்காதீர்கள். அதற்கு விடை பெட்டியிலேயே அச்சடித்து வருகிறது. “இதுக்கு முன்னாடி செஞ்சு சரியா வராம போனது எங்கே, காட்டு” என்று கேளுங்கள். காட்ட ஒன்றும் இல்லையென்றால், பிள்ளையைக் கடிந்துகொள்ளாமல் தலைமையாசிரியர் அறைக்குப் போய் அதே கேள்வியை அங்கே கேளுங்கள்.